வெயில் என்றால் வெப்பமா, வெளிச்சமா: வீட்டில் செய்த ட்ரெமோலோ பெடல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கும் மாணவர் ஒருவர், பொங்கல் கழிந்த வாரத்தில் தொடங்கி ஜூன் மாதத்தில் செய்து முடித்த ட்ரெமோலோ பெடல் ஒன்றை, அதாவது காலால் மிதித்து இயக்கி கிட்டாரின் ஒலியை நடுங்கவைக்கும் சிறு பெட்டி ஒன்றைப் பற்றிய பதிவு இது. அவர் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறார். நான் அதே துறையில் ஆய்வகப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்று, காட்பாடியில் என் வீட்டு முன்னறையில் ஆம்ப்ளிஃபயர்களும் மைக்செட் கருவிகளும் பழுதுபார்த்து வருகிறேன். மாணவரை என்னிடம் அழைத்து வந்தவர் அந்த ஊர் மைக்செட்காரர். இந்தப் பதிவில் வரும் முக்கியமான தடயத்தைச் சொன்னவரும் அவரே என்பதால் அவரை இங்கேயே குறிப்பிட்டுவிடுகிறேன்.

தேவை எழுந்த விதம் எளியது. பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்துவந்தவர் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட்டார். மெதுவான கீர்த்தனைகளில் அவர் ஆர்கன் ஒலியை அலையலையாக நடுங்கவிட்டு நிரப்பிய இடம் வெறுமையானது. தனி கிட்டார் அந்த இடத்தில் மெலிந்து கேட்டது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களுக்கு முன்பாக அந்த நடுக்கத்தைக் கிட்டாரிலேயே கொண்டுவர முடியுமா என்பதுதான் மாணவரின் கேள்வி. கடையில் விற்கும் பெடலின் விலை அவர் கைக்கு எட்டாததாக இருந்தது. செய்து பார்க்கும் ஆசையும் இருந்தது. எது பெரியது என்று நான் விசாரிக்கவில்லை.

ட்ரெமோலோ என்பது ஒலியளவு சீராக ஏறி இறங்குவது. ஓடுகிற மேசை மின்விசிறிக்கு முன் வாயை வைத்து ‘ஆ’ என்று நீட்டிப் பார்க்காத பிள்ளை நம் ஊரில் இருக்காது. ஏறக்குறைய அந்த ஒலிதான் இது. கமகத்தில் அசைவது சுருதி, இதில் அசைவது அளவு. சுருதி அசைவதை மேற்கத்திய இசையில் வைப்ரேட்டோ என்பார்கள். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை அசைக்கும் கம்பிக்கு ட்ரெமோலோ என்றும், பின்னர் ஆம்ப்ளிஃபயரில் அளவை அசைக்கும் சுற்றுக்கு வைப்ரேட்டோ என்றும் ஃபெண்டர் நிறுவனம் பெயர் மாற்றி வைத்துவிட்டதால், இன்றுவரை இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. மாணவரும் முதல் நாள் சுருதியை அசைக்கும் சுற்று ஒன்றின் வரைபடத்தோடுதான் வந்தார்.

சுற்றைத் தேர்ந்தெடுத்ததும் காரணங்களும்

இரண்டாம் முறை அவர் கொண்டுவந்த வரைபடத்தில், சீரான இடைவெளியில் மின்துடிப்பு தரும் 555 ஐசி இருந்தது. பாலிடெக்னிக்கில் படித்தவர் கைக்கு முதலில் வரும் ஐசி அதுதான். ஆனால் பழைய வகை 555, தன் வெளியீட்டை மாற்றும் கணத்தில் உள்ளிருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒருசேரக் கடத்துவதால், மின்வழங்கலில் கூர்மையான ஓர் உதறலை உண்டாக்கும். ஒலிச் சுற்றும் அதே பேட்டரியில் ஓடும்போது அந்த உதறல் ‘டிக்’ என்று ஸ்பீக்கரில் கேட்கும். ஆகவே 555 வேண்டாம் என்றேன். இதனால் ‘டிக்’ தொல்லை நம்மை அண்டாது என்று நான் நினைத்துக்கொண்டது வேறு விஷயம்.

அளவை ஏற்றி இறக்க முன்னோர் பல வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். 1940களில் வந்த டிஆர்மண்ட் கருவியில், மின்னைக் கடத்தும் திரவம் நிரம்பிய சிறு குப்பியை ஒரு மோட்டார் ஆட்டும். திரவம் அலம்பும்போதெல்லாம் கிட்டாரின் ஒலி தரைக்கு, அதாவது சுற்றின் பொது இணைப்புக்கு, வடியும். 1960களின் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களில் மினுக்கும் சிறு நியான் விளக்கு ஒன்றையும் எல்.டி.ஆர். ஒன்றையும் எதிரெதிரே வைத்து, இரண்டையும் கறுப்பு உறைக்குள் அடைத்திருப்பார்கள். எல்.டி.ஆர். என்பது வெளிச்சம் பட்டால் தடை குறையும் காட்மியம் சல்ஃபைடு ரெசிஸ்டர். வெளிச்சம் விழுந்தால் அதன் தடை சட்டென்று இறங்கும், வெளிச்சம் போனால் மெல்லத்தான் ஏறும். அந்தச் சோம்பல்தான் இவ்வகை ட்ரெமோலோவுக்கு ஒரு குழைவைத் தருகிறது. உயர் மின்னழுத்த நியான் விளக்குக்குப் பதில் 9 வோல்ட் பேட்டரியில் எரியும் எல்.இ.டி.யை வைத்து இதே வழியைப் பின்பற்றுவது என்று முடிவு செய்தோம். வீட்டு மின்சாரத்தைத் தொடவே கூடாது என்பது நான் போட்ட ஒரே நிபந்தனை.

அலையை உண்டாக்க, இரண்டு ஆப்-ஆம்ப் (சிறு பெருக்கிகள்) அடங்கிய டி.எல்.072 ஐசி ஒன்று. அதன் ஒரு பாதி முக்கோண அலையையும் மறு பாதி சதுர அலையையும் தரும். 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும், 47 கிலோ ஓம் ரெசிஸ்டரும், அதோடு தொடராக, திருகினால் தடை மாறும் 500 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலும் வைத்ததில், வேகம் வினாடிக்கு சுமார் 0.9 முதல் 10.6 முறை வரை அமைந்தது. முக்கோண அலை ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர் வழியாக எல்.இ.டி.யை மெல்ல ஏற்றி இறக்கும். ஒலிப் பாதைக்கு இன்னொரு டி.எல்.072. கிட்டாரின் ஒலி முதலில், அதை வலுக்குறையாமல் அடுத்த பகுதிக்குக் கடத்தும் ஒரு பஃபருக்குள் போய், பிறகு எல்.டி.ஆர். வழியாக 47 கிலோ ஓம் ரெசிஸ்டரை அடையும். எல்.டி.ஆர். தடை 2 கிலோ ஓமுக்கு இறங்கும்போது ஒலியில் 96 சதவீதம் கடந்து செல்லும், 150 கிலோ ஓமுக்கு ஏறும்போது 24 சதவீதமே செல்லும். இந்த இரண்டு எண்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த தொல்லையின் விளக்கம் இதில்தான் இருக்கிறது.

உதிரிகளும் பெட்டியும்

ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், எல்.டி.ஆர். எல்லாம் வேலூரிலேயே டிவி உதிரிக் கடைகளில் கிடைத்தன. டி.எல்.072 கேட்டால், நம் ஊர் ஆம்ப்ளிஃபயர் போர்டுகளில் பரவலாக இருக்கும் அதே வகை ஐசியான 4558ஐ எடுத்து நீட்டினார்கள். அதுவும் ஓடும் என்றாலும், ஒன்பது கால் கொண்ட மிதி சுவிட்ச் எப்படியும் உள்ளூரில் கிடைக்காததால், மாணவர் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் இரண்டையும் ஒரே நடையில் வாங்கி வந்தார்.

பெட்டிக்குத்தான் அலைச்சல். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றில் துளையிடப் போனோம். எவர்சில்வர், டிரில் வேகமாகச் சுழன்றால் துளை விழுவதற்கு முன் அந்த இடத்தில் இறுகிக்கொள்ளும். இரண்டு பிட் மழுங்கியதுதான் மிச்சம். அலுமினிய டப்பாவோ காலால் மிதித்தால் ஒடுங்கும். கடைசியில் சுவரில் சுவிட்ச் பதிக்கப் பயன்படும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) மெட்டல் பாக்ஸ் ஒன்றைத் தேர்ந்தோம். விலை குறைவு, தடிமன் போதும், இரும்பாதலால் மின் இரைச்சலும் உள்ளே வராது. குழாய் நுழைப்பதற்காக அதன் பக்கங்களில் தட்டி எடுக்கும்படி வட்டங்கள் வெட்டியிருக்கும்; ஜாக்குகளுக்கு அந்த வட்டங்களே ஆயத்தத் துளையாக அமைந்தது எங்களுக்கு வசதியாகத் தோன்றியது. துளை ஜாக்கைவிடப் பெரிதாக இருந்ததால் வாஷர் வைத்து இறுக்கினோம். பயன்படாத ஒரு வட்டம் தட்டும்போது பாதி பிளந்து, அரை நிலா வடிவில் ஓர் இடுக்கு விழுந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

எல்.இ.டி.யையும் எல்.டி.ஆரையும் முகத்துக்கு முகம் வைத்து, சூடாக்கினால் சுருங்கும் ஸ்லீவுக்குள் அடைத்தார் மாணவர். அன்று கையில் இருந்தது சிவப்பு ஸ்லீவ். கறுப்பு வாங்கி வரச் சொல்லியிருக்க வேண்டும். டியூப் லைட்டுக்குக் கீழே பெட்டியை மூடி அளந்தபோது எல்.டி.ஆர். தடை ஒரு மெகா ஓமைத் தாண்டியதால், சிவப்பே போதும் என்று இருவரும் எண்ணினோம்.

மேசைமேல் முதல் ஓட்டம்

சால்டர் இல்லாமல் உதிரிகளைச் செருகிச் சோதிக்கும் பிரெட்போர்டில் இரண்டு குறைகள் உடனே தெரிந்தன. உள்ளே வைத்த சிவப்பு எல்.இ.டி.க்கு நடுக்கம் ஆழமாக வரவில்லை. காட்மியம் சல்ஃபைடின் கண் பச்சை ஒளியைத்தான் கூர்மையாகப் பார்க்கும்; பளிச்சென எரியும் பச்சை எல்.இ.டி. வைத்ததும் ஆழம் கிடைத்தது.

இரண்டாவது குறை வேகத் திருகில். மாணவர் வாசிக்கும் கீர்த்தனை நிமிடத்துக்கு 72 தட்டில் நடப்பது. ஆகவே தட்டுக்கு இரண்டு அலை வேண்டுமானால் வினாடிக்கு 2.4, திஸ்ர நடையில் மூன்று அலை வேண்டுமானால் 3.6 தேவை. திருகும் அளவுக்கேற்பத் தடை சீராக மாறும் லீனியர் வகை கண்ட்ரோலில் திருகின் முதல் பாதி முழுவதும் 0.9 முதல் 1.7 வரைதான் ஓடியது, 2.4க்கு மேற்பட்ட வேகம் எல்லாம் கடைசி மூன்றில் ஒரு பங்கில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. விரல் அசைந்தால் தாளம் தப்பும். இதற்கென உள்ள எதிர் லாக் வகை (தடை முதலில் வேகமாகவும் பிறகு மெல்லவும் மாறுவது) எங்கும் கிடைக்கவில்லை. அதற்கு நேர்மாறான சாதாரண லாக் வகையையே வாங்கி, வலப்புறம் திருப்பினால் வேகம் குறையும்படி இணைத்தோம். நடுவில் வைத்தால் 4 முதல் 5 வரை. மிச்சம் இருபுறமும் தாராளமாகப் பரவியது. திசை தலைகீழாக இருப்பதைப் பற்றி யாரும் இதுவரை முறையிடவில்லை.

‘டிக் டிக்’

பெட்டிக்குள் ஏற்றி முதல் ஒத்திகைக்கு எடுத்துச் சென்றபோது, நடுக்கத்தோடு கூடவே சுவர்க்கடிகாரம் போல ஒரு ‘டிக்’ ஒலி கேட்டது. பாட்டு ஓடும்போது அடங்கியும், ஜெப நேரத்தின் அமைதியில் எல்லோருக்கும் தெளிவாகவும் கேட்டது என்பதால் குழுவின் மூத்த அம்மா ஒருவர் பெடலை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த மூன்று வாரமும் மாணவர் உதிரிகளை மாற்றினார். ஐசியை மாற்றினார், கெப்பாசிட்டர்களைப் பெரிதாக்கினார், போர்டு முழுவதையும் புதிதாகச் சால்டர் செய்தார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஒலி சற்றுக் குறைந்ததுபோல அவருக்குத் தோன்றியது. மறுநாள் அது பழையபடியே இருந்தது. பரீட்சை விடைத்தாள் திருத்தும் வேலையில் இருந்த நான் தொலைபேசியில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, பெட்டியைக் கையில் வாங்கவில்லை.

வாங்கிய அன்று அரை மணி நேரத்தில் வழி தெரிந்தது. கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தோம். ‘டிக்’ நின்றபாடில்லை, ஆகவே அது கிட்டாரிலிருந்து வரவில்லை. மிதி சுவிட்சை அழுத்திப் பெடலை விலக்கினோம். அப்போது கிட்டாரின் ஒலி போர்டுக்குள் போகாமல் ஒரு ஜாக்கிலிருந்து மறு ஜாக்குக்கு நேரே போகிறது; ஆனாலும் மெல்லிய ‘டிக்’ கேட்டது. ஒலிப் பாதையில் இல்லாத போர்டு ஒலியைக் கெடுக்கிறது என்றால், இரண்டுக்கும் பொதுவான ஒன்றின் வழியாகத்தான் கெடுக்க வேண்டும். பொதுவாக இருந்தது தரை வயர் ஒன்றே.

கிட்டார் வயரைச் செருகினால் மட்டும் பேட்டரி இணையும்படி, பேட்டரியின் மைனஸ் முனை இன்புட் ஜாக் வழியாக வரும் அமைப்பு பேட்டரியில் ஓடும் பெரும்பாலான பெடல்களில் உள்ளதுதான். இதனால் போர்டு குடிக்கும் மின்னோட்டம் முழுவதும் இன்புட் ஜாக்கின் தரை வழியாகவே திரும்புகிறது. எங்கள் ஜாக்குகள் பிளாஸ்டிக் உடல் கொண்டவை. இரும்புப் பெட்டி அவற்றை இணைக்கவில்லை. இன்புட் ஜாக்குக்கும் போர்டுக்கும் இடையில் முடிபோன்ற ஒரு வயர் மட்டுமே இருந்தது. பெட்டியின் முகப்பில் வேகத்தைக் காட்டுவதற்காக மாணவர் ஆசையாக வைத்த சிறு எல்.இ.டி.யோ சதுர அலையில் இணைக்கப்பட்டு, ஒவ்வொரு அலைக்கும் சுமார் 7 மில்லி ஆம்பியரைச் சட்டென்று இழுத்துச் சட்டென்று விட்டது. அந்த இழுப்பு மெல்லிய வயரில் உண்டாக்கிய மிகச் சிறிய மின்னழுத்தம் கிட்டாரின் ஒலியோடு சேர்ந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போயிற்று.

ஊகம் சரியா என்று பார்க்க, தடித்த வயர்த் துண்டு ஒன்றால் இரண்டு ஜாக்குகளின் தரையையும் நேரடியாகத் தொட்டோம். பெடல் விலகிய நிலையில் ‘டிக்’ அடியோடு போனது. முகப்பு எல்.இ.டி.யின் ஒரு காலைக் கழற்றினோம்; பெடல் ஓடும் நிலையிலும் ஒலி போனது. அந்த வயரை நிரந்தரமாகப் போட்டு, முகப்பு எல்.இ.டி.யைச் சதுர அலையிலிருந்து எடுத்து, உள்ளே இருக்கும் பச்சை எல்.இ.டி.யோடு தொடராக இணைத்தோம். இப்போது அது பளிச்சென்று மின்னாமல், மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குகிறது. அலை உண்டாக்கும் ஐசிக்கு 100 ஓமும் 100 மைக்ரோ ஃபாரடும் கொண்டு தனி மின்வழியும் அமைத்தோம். மூன்று வாரத்தில் மாற்றிய உதிரிகளில் ஒன்றுகூடக் குறையோடு இருந்ததில்லை.

குருத்தோலை ஞாயிறு

ஏப்ரலில் குருத்தோலை ஞாயிறு அன்று, பவனி முடிந்து ஆலய வளாகத்திலேயே பந்தலின்கீழ் ஆராதனை நடந்தது. காலை எட்டு மணி. சனி இரவு ஒத்திகையில் குறையில்லாமல் வாசித்த மாணவர், பெடலை மிதித்தபோது முகப்பு விளக்கு ஏறி இறங்கியது, ஒலியில் நடுக்கம் இல்லை. கிட்டார் சாதாரணமாகக் கேட்டது. மாலையில் வீட்டில் வைத்துப் பார்த்தபோது பெடல் மறுபடியும் சரியாக ஓடியது.

மறுநாள் மைக்செட்காரர் என் வீட்டுக்கு வந்தபோது, வேறு வேலையாகப் பேசிக்கொண்டே இதையும் சொன்னார்: “வெயில்ல வச்சா படுத்துக்குது சார் அது, ராத்திரியிலதான் எழுந்துக்குது.”

வெயில் என்ற நம் சொல்லில் வெளிச்சமும் உண்டு, வெப்பமும் உண்டு. துணியை வெயிலில் காயப்போடு என்றால் ஒன்று. வெயில் தாங்கவில்லை என்றால் மற்றொன்று. நாற்பது வருடம் பழுதுபார்த்த பழக்கத்தில் நான் வெப்பத்தையே எடுத்துக்கொண்டேன். வேலூரில் வளர்ந்தவனுக்கு வெயில் என்றதும் வெளிச்சம் நினைவுக்கு வராது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். சூட்டில் விலகும் சால்டர் இணைப்பு ஒன்று இருக்கும் என்று முடிவுகட்டி, அன்று இரவே பெட்டியைத் திறந்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் போர்டைச் சூடேற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. காலை எட்டு மணிக்கு அப்படி ஒன்றும் சூடு இருந்திருக்காது என்பது அப்போது எனக்குத் தோன்றாமல் போனது. பேட்டரி சற்று இறங்கியிருந்ததால் பழியை அதன்மேல் போட்டு, புதிது மாற்றி அனுப்பினேன்.

பெரிய வியாழன் இரவு ஆராதனையில் பெடல் நன்றாக உழைத்தது. பேட்டரிதான் காரணம் என்ற என் முடிவு அதனால் உறுதிப்பட்டது.

ஈஸ்டர் விடியல்

உயிர்த்தெழுந்த ஞாயிறு ஆராதனை அதிகாலை நாலரை மணிக்கு, இருட்டில், திறந்த வெளியில் தொடங்கியது. நானும் போயிருந்தேன். முதல் இரண்டு பாடல்களிலும் நடுக்கம் மிக அழகாக இருந்தது. ஆயரின் செய்தி முடிவதற்குள் வானம் வெளுத்தது. ஆறு மணியை ஒட்டிப் பாடிய பாடலில் நடுக்கம் பாதியாகியிருந்தது. சூரியன் வளாகச் சுவருக்குமேல் வந்து, கிழக்கு நோக்கி வைத்திருந்த பெடலின் பக்கவாட்டில் நேராக விழுந்தபோது, கடைசிப் பாடலில் நடுக்கம் அறவே இல்லை. பேட்டரி இறங்கினால் இப்படி இறங்காது. காற்றோ இன்னும் குளிராகவே இருந்தது.

பாடல் முடிந்ததும் மாணவர் பெடலை எடுக்கக் குனிந்தார். அவருடைய நிழல் பெட்டிமேல் விழுந்தது. ஓய்ந்துகொண்டிருந்த கடைசித் தந்தியின் ஒலி இரண்டு முறை நடுங்கி அடங்கியது. எனக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

மொட்டை மாடியில் அளந்தது

திங்கள் காலை என் வீட்டு மொட்டை மாடியில், எல்.டி.ஆர். காலைச் சுற்றிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை இணைத்து, பெட்டியை மூடி அளந்தோம். நிழலில் ஒரு மெகா ஓமுக்கு மேல். பிளந்த வட்டத்தின் இடுக்கைச் சூரியனை நோக்கித் திருப்பியபோது 8 கிலோ ஓம். விரலால் இடுக்கை மூடியதும் எண் மெல்ல ஏறத் தொடங்கி, சில நொடிகளில் 300 கிலோ ஓமைக் கடந்தது. ஜாக்கைச் சுற்றிய வாஷர் ஓரத்திலும் கசிவு இருந்தது, ஆனால் சிறிது.

முன்பு சொன்ன எண்களை இங்கே வைத்துப் பார்க்கலாம். எல்.டி.ஆர். 150 கிலோ ஓமுக்கு ஏறினால்தான் ஒலி 24 சதவீதத்துக்கு இறங்கும். வெளியிலிருந்து கசிந்த வெளிச்சம் அதை 8 கிலோ ஓமுக்குமேல் ஏறவிடவில்லை என்றால், ஒலி 85 சதவீதத்துக்குக் கீழே இறங்க வழியில்லை. 96க்கும் 85க்கும் இடையிலான அசைவு கூட்டுப் பாடலில் காதுக்கு எட்டாது. விளக்கு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்ததால் சுற்று ஓடுகிறது என்ற மயக்கம் வேறு.

சிவப்பு ஸ்லீவைப் பிரித்தெடுத்துவிட்டு, கறுப்பு ஸ்லீவ் இரண்டு அடுக்காகப் போட்டு, இரு முனைகளையும் மடித்து அடைத்தோம். இடுக்குக்கும் ஜாக் துளைகளுக்கும் ரப்பர் அடைப்பு வைத்தோம். எல்.இ.டி.யும் எல்.டி.ஆரும் நகராமல் இருக்க ஹாட் குளூ வைத்தார் மாணவர். உச்சி வெயிலில் மாடியில் வைத்து வாசித்தார். நடுக்கம் இருந்தது.

அக்னி நட்சத்திரம்

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். மே மாதம் நடுவில் ஒரு நாள், திருமண வீடு ஒன்றுக்கு வாசிக்கப் போன மாணவர், பெடலைப் பைக்கின் பக்கப் பெட்டியில் வைத்து, நண்பகலில் மண்டபத்து வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து மண்டபத்துக்குள், மின்விளக்கு வெளிச்சத்தில் வாசித்தபோது நடுக்கம் பாதிதான் வந்தது. இம்முறை வெளிச்சம் காரணமில்லை. திறந்து பார்த்தால், மூடிய பெட்டிக்குள் ஏறிய சூட்டில் ஹாட் குளூ இளகி, எல்.இ.டி. சற்றே திரும்பிக்கொண்டிருந்தது, எல்.டி.ஆர். முகத்தில் விழவேண்டிய ஒளி ஓரத்தில் விழுந்தது. முதலில் தவறாக எடுத்துக்கொண்ட வெப்பம், ஒரு மாதம் கழித்து உண்மையாகவே வந்து சேர்ந்தது.

ஹாட் குளூவைச் சுரண்டி எடுத்து, கறுப்பு நிறப் பந்துமுனைப் பேனாவின் மூடியை இரு முனையும் வெட்டிக் குழலாக்கி, எல்.இ.டி. ஒரு பக்கமும் எல்.டி.ஆர். மறு பக்கமும் நுழைத்து, இரண்டு கலவை எபாக்ஸி கொண்டு அடைத்து ஒரு நாள் முழுவதும் இறுக விட்டோம். ஜூன் மாதத்தில் அதே பைக் பெட்டியில், அதே நண்பகலில், வேண்டுமென்றே இரண்டு மணி நேரம் வைத்து எடுத்துப் பார்த்தோம். எதுவும் அசையவில்லை.

இன்னொரு முறை செய்தால்

முதல் மாற்றம் சோதனை செய்யும் இடத்தில். என் மேசை டியூப் லைட்டின்கீழ் இருக்கிறது. பெடல் வாழ்ந்த இடம் பந்தலும் திறந்த வெளியும் பைக் பெட்டியும். ஒளியால் இயங்கும் உறுப்பு ஒன்றை வெளிச்சத்தில் வைத்துச் சோதிக்காமல் விட்டது என் பிழை, மாணவருடையது அல்ல. பழைய ஆம்ப்ளிஃபயரில் அந்த ஜோடியைக் கறுப்பு உறைக்குள் அடைத்திருப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்தான். சுவிட்ச் பாக்ஸைத் தேர்ந்ததை இன்றும் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் வட்டங்களைத் தட்டி எடுப்பதற்குப் பதில், தட்டாத பக்கத்தில் அளவாகத் துளையிட்டிருக்க வேண்டும்.

‘டிக்’ ஒலி வந்தபோது, உதிரிகளில் கை வைப்பதற்கு முன் பெடலை விலக்கி வைத்துக் கேட்கச் சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். ஜாக்குகளின் தரையைத் தடித்த வயரால் ஒரே புள்ளியில் சேர்ப்பதை இனி முதல் சால்டருக்கு முன்பே செய்வோம். முகப்பு விளக்கைச் சதுர அலையில் இணைக்கும் வரைபடங்களை இன்னும் அடிக்கடி பார்க்கிறேன். உலோக ஜாக்கும் உலோகப் பெட்டியும் இருந்தால் அவை தப்பித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் ஜாக்கில் தப்பாது.

மைக்செட்காரர் சொன்னதை நான் மறுபடி கேட்டிருக்க வேண்டும். எத்தனை மணிக்கு, பெட்டி எந்தப் பக்கம் பார்த்திருந்தது, நிழலில் நகர்த்தினால் என்ன ஆயிற்று என்று மூன்று கேள்விகள் போதுமாயிருந்தன. பிறகு அவரிடம் இதைச் சொன்னபோது, “நான் வெளிச்சத்தத்தான் சார் சொன்னேன்” என்றார்.

பெடல் இப்போது ஞாயிறுதோறும் வாசிக்கப்படுகிறது. வேகம் வினாடிக்கு ஏழு, எட்டைத் தாண்டும்போது எல்.டி.ஆர். இருட்டுக்குத் திரும்ப நேரம் போதாமல் நடுக்கத்தின் ஆழம் குறைகிறது. கீர்த்தனைகளுக்கு அந்த வேகம் தேவைப்படாததால் அதை அப்படியே விட்டுவிட்டோம். மின்னோட்டம் சராசரியாகப் பத்து, பதினொரு மில்லி ஆம்பியர்தான் என்பதால் அடாப்டர் வைக்கவில்லை, பேட்டரியோடு ஓடுகிறது. ஆம்பூரிலிருந்து ஒருவர் தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார். அதற்கான பெட்டியை வாங்கி வந்த மாணவர், போர்டு எதுவும் இல்லாமல் ஒரு எல்.டி.ஆரை மட்டும் உள்ளே வைத்து மூடி, மல்டிமீட்டரோடு என் மாடிக்கு ஏறிப் போனார்.